வலு போதவில்லை என்பது காரணம் அல்ல

மெயில் சர்வரின் சிபியு 95 சதவீதத்தில் போய் ஒட்டிக்கொண்டால் நம் அலுவலகங்களில் கிடைக்கும் பதில்கள் இரண்டுதான். முதல் தடவை என்றால், “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.” நாலாவது தடவையும் வந்துவிட்டால், “பாக்ஸ் பத்தாது சார், கோர் ஏத்தணும்.” அட்மின் சொல்கிறார், வெண்டர் ஆமோதிக்கிறார், மேலாளர் கையெழுத்துப் போடுகிறார். புது சர்வர் வருகிறது. சில வாரங்கள் அமைதி. பிறகு கிராஃபில் அதே உச்சம், அதே பதில்.

இந்த இரண்டு பதில்களுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது. சர்வர் களைத்துப்போகும், கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் தெளியும். தெளியாவிட்டால் அதற்கு வலு போதவில்லை என்று பொருள். இந்த நம்பிக்கை தவறு. பணத்தைக் கரைப்பதோடு நிற்காமல் பாதுகாப்பையும் கெடுக்கிற தவறு. இத்தனை பேர் இத்தனை காலமாகச் சொல்லிவருவதால் அது அனுபவ அறிவு போலத் தோற்றம் தருகிறது; அவ்வளவே.

புராசசர் தானாக எதையும் செய்வதில்லை. அதில் ஓடும் ஒவ்வொரு கட்டளையும் ஏதோ ஒரு நிரலுடையது. அந்த நிரலை யாரோ ஏவியிருக்கிறார்கள்: ஒரு பயனாளியின் கைபேசி, ஒரு பேக்கப் மென்பொருள், வெளியூர் சர்வர் ஒன்று, சில வேளைகளில் ஒரு திருடன். 95 சதவீதம் என்பது நடக்கும் வேலையின் அளவு மட்டுமே. எந்த வேலை, யாருக்காக, ஏன் மறுபடி மறுபடி என்று கேட்காமல் அந்த எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது விசாரணையே ஆகாது.

‘மறுபடி மறுபடி’ என்பதே முதல் சாட்சி. வலு குறைவுதான் கோளாறு என்றால் அது மெயில் போக்குவரத்தோடு சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்க வேண்டும். காலையில் எல்லோரும் அவுட்லுக்கைத் திறக்கும்போது ஏறி, உணவு இடைவேளையில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை படுத்துக்கிடக்க வேண்டும். ஆள் நடமாட்டமே இல்லாத பின்னிரவு மூன்று மணிக்கு ஏறுகிற சிபியு வலு குறைந்ததால் ஏறவில்லை. ஒவ்வொரு மணியும் சரியாகப் பூஜ்யம் நிமிடத்தில் ஏறினால் அது நேரம் குறித்துவைத்த ஒரு பணி. எந்த ஒழுங்கும் இல்லாமல் ஏறினால் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட பயனாளி, அல்லது ஒரு குறிப்பிட்ட மெயில். இதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு வாரத்துக் கிராஃபும் ஒரு கடிகாரமும் போதும்.

ரீஸ்டார்ட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மெயில் சர்வர்களின் வரலாற்றில் அதற்கு ஒரு பழைய, நன்கு பதிவான பரீட்சை உண்டு.

1988 நவம்பர் 2 இரவு. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய ‘புழு’ அன்றைய இணையத்தில் பரவத் தொடங்கியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று சென்ட்மெயில் என்னும் மெயில் சர்வர் மென்பொருள்; பிழை தேடுவதற்காக அதில் வைத்திருந்த ‘டீபக்’ வசதி பல இடங்களில் திறந்தே கிடந்தது. யூட்டா பல்கலைக்கழகக் கணினித் துறையின் வாக்ஸ் இயந்திரம் அன்றிரவு பட்ட பாட்டை டான் சீலி என்பவர் மணிவாரியாக எழுதிவைத்தார். லோட் ஆவரேஜ் (ஓடுகிற, ஓடக் காத்திருக்கிற புராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) இரவு 9:21க்கு 5. 9:41க்கு 7. 10:01க்கு 16. அடுத்த ஐந்து நிமிடத்தில் புதிய புராசஸ் ஒன்றைக்கூடத் தொடங்க முடியாத நிலை. 10:20க்கு நிர்வாகி ஒருவர் ஓடிக்கொண்டிருந்த புழுக்களை எல்லாம் நிறுத்தித் துடைத்தார். 10:41க்கு லோட் 27. 10:49க்கு இயந்திரத்தையே நிறுத்தினார்கள், பிறகு மறுபடி இயக்கினார்கள். 11:21க்கு லோட் 37.

ரீஸ்டார்ட்டுக்கு முன் 27, பின் 37. நுழைவழி திறந்திருக்கும்வரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் அதுதான் நடக்கும். அந்த நெருக்கடி முடிந்தது எப்படி? பெர்க்லியிலும் எம்ஐடியிலும் சிலர் உட்கார்ந்து புழுவின் நிரலைப் பிரித்துப் படித்தார்கள். சென்ட்மெயிலின் அந்த வசதியை மூடும் வழியைப் பரப்பினார்கள். ஒரு இயந்திரத்தில் ஏற்கெனவே புழு இருந்தாலும் ஏழில் ஒரு பங்கு தடவை புதிய புழு பிடிவாதமாகத் தங்கிவிடும்படி மோரிஸ் எழுதியிருந்தார், அதனால்தான் லோட் அப்படி ஏறியது. இந்த விவரம் நிரலைப் படித்தவர்களுக்குத் தெரிந்தது. இயந்திரத்தை அணைத்துப் போட்டவர்களுக்குத் தெரிய வழியில்லை.

“ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறதே, கண்ணால் பார்க்கிறோமே” என்பார்கள். சரியாவது போலத் தெரிவது உண்மைதான், ஏன் என்று பார்ப்போம். சுழலில் மாட்டிக்கொண்ட ஒரு கோரிக்கை ரீஸ்டார்ட்டில் செத்துப்போகிறது. அதை அனுப்பிய கைபேசியோ மென்பொருளோ மறுபடி அனுப்பும்வரை அமைதி. அது சில நிமிடமாக இருக்கலாம், சில நாளாகவும் இருக்கலாம். இடைவெளி நீண்டுவிட்டால் ரீஸ்டார்ட்டுக்குப் புகழ் கிடைக்கிறது.

லினக்ஸ் சர்வர்களில் வரும் ஒரு வகையைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஏமாறாதவர் குறைவு. ஒரு மெயில் வருகிறது. அதன் இணைப்பு, ஸ்கேனரைத் திணறடிக்கும் விதமாக உருக்குலைந்த ஒரு ஃபைல். ஸ்கேனர் ஒரு கோரை முழுதாகப் பிடித்துக்கொண்டு, கெடு முடியும்வரை போராடித் தோற்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மெயில் சர்வர் மென்பொருள் அந்த மெயிலைத் தூக்கிப் போடாது. தள்ளிவைத்துப் பிறகு முயலும். எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் முதல் காத்திருப்பு 300 விநாடி; அது கூடிக்கொண்டே போய் 4,000 விநாடி வரை நீளும்; இப்படி 5 நாள் முயலும். ஒவ்வொரு முயற்சிக்கும் சிபியு ஒரு தடவை எகிறும். கியூ டிஸ்க்கில் இருக்கிறது. மின்சாரம் போனாலும் ஒரு மெயில்கூடத் தொலையக் கூடாது என்பதற்காகவே அதை அங்கே வைத்தார்கள், ஆகவே ரீஸ்டார்ட் அதைத் தீண்டாது. ஐந்தாம் நாள் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போகிறது, எகிறலும் நின்றுவிடுகிறது. அந்த ஐந்து நாளுக்குள் யாராவது ரேம் கூட்டியிருப்பார்கள். சரிசெய்த பெயர் ரேமுக்குப் போய்ச் சேரும், அடுத்த தடவையும் ரேமே வாங்கப்படும். கியூவைத் திறந்து, நெடுநேரம் நிற்கும் மெயில் எது என்று பார்த்திருந்தால் அன்றே முடிந்திருக்கும் வேலை.

ரீஸ்டார்ட் கெடுப்பது அதைவிட முக்கியமான ஒன்றை: சாட்சியத்தை. அந்த நிமிடத்தில் எந்த புராசஸ், அதற்குள் எந்த த்ரெட், அந்த த்ரெட் எந்த வேலையின் நடுவில், யாருடைய இணைப்பு திறந்திருக்கிறது என்பதெல்லாம் நினைவகத்தில் மட்டும் இருப்பவை. அணைத்தால் அவ்வளவும் போய்விடும். லாக் ஃபைல்கள் மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் பல மென்பொருள்கள் ஒரு கோரிக்கை முடிந்த பிறகே அதை லாக்கில் எழுதும். முடியாமலே சுழன்றுகொண்டிருந்த கோரிக்கை பற்றி அவற்றின் லாக்கில் ஒரு வரியும் இருக்காது. நாம் தேடியது அந்த ஒன்றைத்தான்.

2013இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர் வைத்திருந்த எல்லோரும் ஒரு பாடம் படித்திருக்க வேண்டும். ஆப்பிள் அந்த ஆண்டு ஜனவரி 28 அன்று ஐஓஎஸ் 6.1ஐ வெளியிட்டது. அதன் பிறகு பல நிறுவனங்களில் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களின் பரிவர்த்தனை லாக்குகள் தாறுமாறாக வளர்ந்தன, சிபியுவும் நினைவகமும் தின்னப்பட்டன. சர்வரில் எதுவும் மாறவில்லை, ஆட்கள் கூடவில்லை, மெயிலும் கூடவில்லை. மாறியது ஊழியர்களின் பையில் இருந்த கைபேசி. திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு கூட்டத்தின் ஒரே ஒரு நாள் மாற்றப்பட்டு, அந்த மாற்றத்துக்கு ஐபோனிலிருந்து பதில் சொன்னால், கைபேசி சர்வரோடு ஓயாமல் பேசத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் இதை உறுதிசெய்து, அந்தக் கருவிகளைத் தனியே கட்டுப்படுத்தும் அல்லது தடுக்கும் வழிகளைச் சொன்னது. பிப்ரவரி 19 அன்று ஆப்பிள் 6.1.2ஐ வெளியிட்டுத் திருத்தியது.

அந்த மூன்று வாரத்தில் சர்வரை ரீஸ்டார்ட் செய்து கொண்டிருந்தவருக்கு என்ன கிடைத்திருக்கும்? கைபேசி மறுபடி இணையும், மறுபடி சுழலும். கோர் கூட்டியவருக்கு? கைபேசிக்குப் பதில் இன்னும் விரைவாகக் கிடைக்கும். அது இன்னும் விரைவாக அடுத்த கோரிக்கையை அனுப்பும். எக்ஸ்சேஞ்சுக்கு வரும் கோரிக்கைகள் பதிவாகும் ஐஐஎஸ் லாக்கைப் பயனாளி வாரியாகக் கூட்டிப் பார்த்தவர் மட்டும், மற்றவர்களைவிடப் பல மடங்கு கோரிக்கை அனுப்பும் ஒரு சில பெயர்களைக் கண்டுபிடித்திருப்பார். அவர்கள் கையில் இருக்கும் கருவி எது என்பதும் அதே லாக்கில் எழுதியிருக்கும். அதற்கு மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியான லாக் பார்சரே போதும். செலவு ஒரு மதியப்பொழுது.

இனி இரண்டாவது பதிலுக்கு வருகிறேன். கோர் கூட்டினால் என்ன கெட்டுவிடும், செலவுதானே என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் முடங்கியது. காரணம், ஒரு பதிவில் இருந்த சுமார் 20,000 வெற்றிடக் குறிகளும், வரியின் முனைகளில் உள்ள வெற்றிடத்தை நீக்குவதற்காக எழுதிய ஒரு சிறிய ரெஜெக்ஸும் (எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரம்). வெற்றிடம் வரியின் கடைசியில் இல்லாமல், அதற்குப் பின் வேறு எழுத்து வந்ததால், ரெஜெக்ஸ் எந்திரம் முதல் வெற்றிடத்திலிருந்து கடைசிவரை போய்த் தோற்றது, பிறகு இரண்டாவதிலிருந்து, பிறகு மூன்றாவதிலிருந்து. 20,000, 19,999, 19,998 என்று கூட்டிக்கொண்டே போனால் ஏறத்தாழ 20 கோடி ஒப்பீடுகள். வெற்றிடம் 40,000 ஆகியிருந்தால் 80 கோடி. உள்ளீடு இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்கு. இதோடு போட்டியிட எத்தனை கோர் வாங்குவது? அதுவும் ஒரு ரெஜெக்ஸ் ஒரே த்ரெட்டில்தான் ஓடும். பக்கத்தில் முப்பது கோர் சும்மா இருந்தாலும் அதற்கு உதவாது. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் இதே வகையான ஒரே ஒரு விதியால் உலகெங்கும் உள்ள தன் சர்வர்களின் சிபியுவை உச்சத்துக்கு ஏற்றி, 27 நிமிடம் தடுமாறியது. உலகிலேயே மிகப்பெரிய வலையமைப்புகளில் ஒன்றை வைத்திருப்பவர்களுக்கே வலு துணைக்கு வரவில்லை.

இவை மெயில் சர்வர்கள் இல்லையே என்று கேட்கலாம். மெயில் சர்வர்கள் ரெஜெக்ஸால் நிரம்பியவை. ஸ்பேம் வடிகட்டியான ஸ்பாம்அசாசினின் விதிகள் பெர்ல் ரெஜெக்ஸ். போஸ்ட்ஃபிக்ஸில் தலைப்புகளைச் சோதிக்கும் அட்டவணைகளை ரெஜெக்ஸாக எழுதலாம். எக்ஸ்சேஞ்சின் மெயில் விதிகளும் ரெஜெக்ஸை ஏற்கும். அலுவலகத்தில் ஒருவர், ஸ்பேம் தொல்லை தாங்காமல், எங்கிருந்தோ எடுத்த இரண்டு வரி விதியைச் சேர்க்கிறார். சாதாரண மெயிலில் அது ஒன்றும் செய்யாது. நீண்ட அட்டவணையைக் கட்டிக்கொண்டு வரும் கணக்குப் பிரிவு மெயில் ஒன்று வரும்போது மட்டும் சிபியு தூக்கியடிக்கும். மாதக் கடைசியில் மட்டும் வருகிறது, அப்போது மெயில் அதிகம், ஆகவே வலு போதவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். இரண்டு வரியை நீக்கினால் தீரும் கோளாறுக்கு லட்சங்களில் கொட்டேஷன் வருகிறது. மேல்நிலைத் தொட்டி ஒழுகும்போது பெரிய மோட்டார் வாங்கிப் போடுகிற வேலை இது.

சில இடங்களில் கோர் கூட்டுவதே கேடு. எக்ஸ்சேஞ்சின் பெரும்பகுதி டாட்நெட்டில் எழுதப்பட்டது. டாட்நெட்டின் சர்வர் வகை நினைவகச் சுத்திகரிப்பு, இயந்திரத்தில் உள்ள ஒவ்வொரு லாஜிக்கல் புராசசருக்கும் தனி நினைவகப் பகுதியும் தனி த்ரெட்டும் ஒதுக்கும். கோர் கூடக்கூட அந்த ஏற்பாட்டின் பாரமும் கூடும். இதனால்தான் எக்ஸ்சேஞ்ச் 2013க்கு 24 கோருக்கு மேல், 96 ஜிபி நினைவகத்துக்கு மேல் போக வேண்டாம் என்று அதைத் தயாரித்த குழுவே 2015இல் சொன்னது. ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்து வையுங்கள் என்றும் சொன்னது. 2019 பதிப்பில் அந்த வரம்பு 48 கோர், 256 ஜிபி என்று உயர்ந்தது. உயர்ந்தாலும் வரம்பு வரம்பே. விற்பவர் இதைச் சொல்லமாட்டார். சொல்ல வேண்டியவர் அட்மின். மெய்நிகர் இயந்திரங்களிலும் இதே நிலை: ஹோஸ்ட்டில் இருப்பதைவிட அதிகமாக விசிபியுக்களை (மெய்நிகர் புராசசர்களை) அள்ளிக் கொடுத்தால், அவை ஒன்றுக்கொன்று இடம் கிடைக்கும்வரை வரிசையில் நிற்கும். எக்ஸ்சேஞ்சுக்கு மைக்ரோசாஃப்ட் அனுமதிக்கும் உச்ச விகிதம் இரண்டுக்கு ஒன்று, பரிந்துரைப்பது ஒன்றுக்கு ஒன்று.

கிராஃபையே தவறாகப் படிப்பதும் உண்டு. லினக்ஸில் லோட் ஆவரேஜ் 40 என்றதும் சிபியு போதவில்லை என்கிறார்கள். 1993 முதல் லினக்ஸ் அந்த எண்ணில் டிஸ்க்குக்காகக் காத்துக்கிடக்கும் புராசஸ்களையும் சேர்த்தே எண்ணுகிறது. டிஸ்க் தேய்ந்த சர்வரிலும் லோட் 40 காட்டும், சிபியு ஈயோட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் சர்வரில் பவர் பிளான் ‘பேலன்ஸ்டு’ என்று இருந்தால் புராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடக்கூடும். குறைந்த வேகத்தில் அதே வேலைக்குச் சதவீதம் கூடித் தெரியும். எக்ஸ்சேஞ்சுக்கு ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ வைக்கச் சொல்வது இதனால்தான். காசு செலவில்லாத ஒரு கிளிக்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இதற்கடுத்த இடத்தில். வீண்செலவை மன்னித்துவிடலாம். திருட்டை வலுக்குறைவு என்று எழுதி மூடுவதை மன்னிக்க முடியாது.

2019 ஜூனில் எக்ஸிம் மெயில் சர்வரின் 4.87 முதல் 4.91 வரையிலான பதிப்புகளில் ஒரு பெரிய ஓட்டை வெளியானது. சில நாட்களிலேயே அதன் வழியாக நுழைந்தவர்கள் சர்வர்களில் டிஜிட்டல் நாணயச் சுரங்க நிரல்களை நிறுவினார்கள். அவற்றில் ஒன்று, கெர்னலின் சொந்தப் பணி போலத் தோன்றும் பெயரில் ஓடியது. நேரம் குறித்த பணிகளுக்கான கிரான் அட்டவணையில் தன்னை எழுதிவைத்துக்கொண்டு, கொன்றாலும் திரும்ப இறங்கியது. 2021 மார்ச் 2 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சின் நான்கு ஓட்டைகளுக்கு அவசர பேட்ச் வெளியிட்டது. பிராக்ஸிலாகான் என்று பெயர்பெற்ற அந்த வழியில் புகுந்தவர்களில் சுரங்கக்காரர்களும் இருந்தார்கள். அவ்வாண்டு ஏப்ரலில் சோஃபோஸ் நிறுவனம் விவரித்த ஒரு தாக்குதலில், மொனேரோ நாணயம் தோண்டும் நிரலுக்குப் போட்டிருந்த பெயர், சிபியுவைச் சீராக்கும் ஒரு நல்ல கருவியின் பெயர்.

இப்போது அந்த சர்வரின் முன் நம் வழக்கமான உரையாடலை வைத்துப் பாருங்கள். சிபியு நூறில் நிற்கிறது. ரீஸ்டார்ட், சுரங்கம் மறுபடி தொடங்குகிறது. “பாக்ஸ் பத்தாது.” கோர் கூட்டுகிறார்கள், திருடனுக்கு வருமானம் கூடுகிறது. அவன் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுத்த ஒரே அடையாளம் அந்தச் சிபியு கிராஃப்தான். அதையும் வலுக்குறைவின் கணக்கில் எழுதி மூடிவிடுகிறார்கள். நுழைந்த ஓட்டை வழியே மெயில்பாக்ஸ்களை அள்ளிப் போகவும் முடியும் என்பது யார் நினைவுக்கும் வருவதில்லை.

உள்ளே நுழையாத திருடனும் சிபியுவைத் தின்பான். ஐமேப், எஸ்எம்டிபி வழியாகக் கடவுச்சொல்லை யூகித்து யூகித்துப் பார்க்கும் தாக்குதல் இணையத்தில் இருக்கும் எந்த மெயில் சர்வருக்கும் அன்றாடம் வருவது. கடவுச்சொற்களை பிக்ரிப்ட் முறையில் வைத்திருந்தால் ஒவ்வொரு சரிபார்ப்பும் வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்ட கணக்கு. தவறான யூகத்துக்கும் அதே உழைப்பு. யூகங்கள் குவியும்போது அங்கீகாரப் பணி மட்டும் சிபியுவை நிரப்பிவிடும். அதற்குக் கோர் கூட்டினால், அவன் ஒரு விநாடிக்கு யூகிக்கும் எண்ணிக்கையைக் கூட்டிக் கொடுத்ததாகிறது. செய்ய வேண்டியது அந்த முகவரிகளைத் தடுப்பது, முயற்சிகளுக்கு வரம்பு வைப்பது.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? உண்டு. நிறுவனம் வளர்கிறது, மெயில் கூடுகிறது, பத்தாண்டு முன்பு வாங்கிய இயந்திரம் உண்மையிலேயே தாங்காத நாள் வரும். அதை நிரூபிக்க எளிய வழி இருக்கிறது: ஒரு மணிநேரத்தில் கையாண்ட மெயில், இணைந்திருந்த பயனாளிகள், செலவான சிபியு நேரம் ஆகிய மூன்றையும் இன்றும் ஆறு மாதம் முன்பும் எடுத்து ஒப்பிடுங்கள். மூன்றும் சேர்ந்து ஏறியிருந்தால் வாங்குங்கள், தயங்க வேண்டாம். மெயில் அப்படியே இருக்க, ஒரு மெயிலுக்கான சிபியு நேரம் மட்டும் மும்மடங்காகியிருந்தால் அது வளர்ச்சி ஆகாது. அதேபோல, தேடல் அட்டவணையைப் புதிதாகக் கட்டும்போது சிபியு நிறைந்தாலும், மெயில் நேரத்துக்குப் போய்ச்சேர்ந்து, மெயில்பாக்ஸ் தாமதமில்லாமல் திறந்தால் அதைத் தொடவே வேண்டாம். வேலை இருக்கும்போது புராசசர் வேலை செய்வதில் குற்றம் என்ன?

“பாஸ் தலைமேல் நிற்கும்போது விசாரணைக்கு ஏது நேரம்?” என்பது அடுத்த வாதம், மனிதர்களின் சங்கடத்திலிருந்து வருவது. மருத்துவமனையிலோ ஆலையிலோ மெயில் நின்றால் அட்மின் படும் பாடு எனக்குத் தெரியும். சேவையை மீட்க ரீஸ்டார்ட் செய்ய வேண்டியும் வரும். அதற்கு முன் எடுக்க வேண்டியது சில நிமிடம்தான், அதையும் இயந்திரமே செய்யும்படி முன்கூட்டியே அமைத்துவைக்கலாம். விண்டோஸில் பிராக்டம்ப் என்னும் சிறிய இலவசக் கருவி, குறிப்பிட்ட புராசஸ் குறிப்பிட்ட சதவீதத்தை இத்தனை விநாடி தாண்டினால் அதன் நினைவகத்தைத் தானாகவே படி எடுத்துவைக்கும், ஆள் தூங்கிக்கொண்டிருக்கலாம். லினக்ஸில் ஏடாப் என்னும் கருவி பின்னணியில் ஓடினால், நேற்றிரவு மூன்று மணிக்கு எந்த புராசஸ் எவ்வளவு தின்றது என்று இன்று காலை திரும்பிப் பார்க்கலாம். பெர்ஃப் என்னும் கருவி எந்தச் செயற்கூறில் நேரம் போகிறது என்றே காட்டும். இவை எதற்கும் கட்டணமில்லை. வாராவாரம் நள்ளிரவு ரீஸ்டார்ட்டுக்கு விழித்திருக்கும் நேரத்தைவிட இவற்றை ஒருமுறை அமைக்கும் நேரம் குறைவு.

ஆன்டிவைரஸை அணைத்துவிடு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். டேட்டாபேஸ் கோப்புறைகளை அது ஓயாமல் தோண்டுவது உண்மையான ஒரு காரணம். அதற்காகவே எந்தக் கோப்புறைகளை விலக்க வேண்டும் என்ற பட்டியலை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கிறது. பட்டியலில் உள்ளதை மட்டும் விலக்குங்கள். முழுதாக அணைத்தால் மேலே சொன்ன சுரங்கக்காரனுக்குக் கதவைத் திறந்து வைத்தது போலாகும்.

கடைசியாக, இப்போது பரவலாகக் கேட்கும் பதில்: கிளவுடுக்குப் போய்விட்டால் இந்தத் தலைவலியே இல்லை. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால் இந்தப் பேச்சு இன்னும் வலுத்திருக்கிறது. போவதற்கு நல்ல காரணங்கள் பல உண்டு, இது அவற்றில் ஒன்றில்லை. ஓயாமல் சுழலும் அந்தக் கைபேசியும், ஒரே மெயில்பாக்ஸை நிமிடத்துக்கு நூறு தடவை தட்டும் அந்த சிஆர்எம் மென்பொருளும் உங்களோடு கிளவுடுக்கு வரும். அங்கே சிபியு கிராஃப் உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் அளவுமீறிய கோரிக்கைகளைக் கட்டுப்படுத்தும், உங்கள் பேக்கப் பாதியில் நிற்கும், சிஆர்எம்மில் மெயில் தாமதமாகும். அப்போதும் யாரோ ஒருவர், பெரிய பிளான் வாங்குங்கள் என்பார்.

கொள்முதல் கோப்பில் கையெழுத்துப் போடும் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். மெயில் சர்வருக்குக் கூடுதல் வலு வேண்டும் என்ற கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, அதோடு ஒரு தாள் கேளுங்கள். சிபியு ஏறிய நேரங்கள், அப்போது முதலிடத்தில் இருந்த புராசஸ், அதற்கு அதிகமாக வேலை வைத்த பயனாளி அல்லது முகவரி, அதே நேரத்தில் வந்துபோன மெயில் எண்ணிக்கை ஆகியவை அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளைத் தயாரிக்க உங்கள் அட்மினுக்கு இரண்டு நாள் அவகாசமும், பாதி இரவில் ரீஸ்டார்ட் செய்யாததற்காகத் திட்டு விழாது என்ற உறுதியும் கொடுங்கள். தாள் இல்லாமல் வரும் கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள்.